25 ஆயிரம் ரூபாய் விஸ்கி லட்சங்களுக்கு விற்பது எப்படி? அமெரிக்க போர்பன் விலையும் அதன் பின்னால் இருக்கும் கேள்வியும்

2023 பிப்ரவரி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மதுபான விற்பனையைக் கவனிக்கும் அரசு ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் பதவி விலகினார். மாநில ஆளுநரே 'விலகுங்கள்' என்று கேட்ட பிறகு நடந்த ராஜினாமா அது. ஆணையம் நடத்திய உள்விசாரணையில் அவரோடு சேர்த்து ஆறு அதிகாரிகள் சிக்கியிருந்தார்கள்.

அப்படி என்ன செய்தார்கள்? கஜானாவில் கை வைத்தார்களா? இல்லை. கமிஷன் வாங்கினார்களா? அதுவும் இல்லை. பொதுமக்களுக்குப் போக வேண்டிய சில அரிய போர்பன் விஸ்கி பாட்டில்களைத் தங்களுக்காக ஒதுக்கிவைத்து, தோதான ஒரு கடைக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அதுவும் முழு விலையைக் கொடுத்து! மறுவிற்பனை செய்யவில்லை என்றும் சொன்னார்கள். பின்னாளில், கிரிமினல் வழக்கு போடும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று மாநில நீதித்துறை முடித்துக்கொண்டது.

காசு கொடுத்து வாங்கிய பொருளுக்காக ஒருவருக்கு வேலை போகுமா? இந்தச் சரக்கு விஷயத்தில் போகும். காரணம், அந்த பாட்டிலுக்கு இரண்டு விலை இருக்கிறது. ஒன்று, ஆலை சொல்லும் விலை. இன்னொன்று, வெளியே ஆட்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை. உதாரணத்துக்கு 'பாப்பி வான் விங்கிள்' 23 வருட போர்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் ஆலை பரிந்துரைத்த விலை சுமார் 300 டாலர். நம்ம காசுக்கு ஏறத்தாழ 25 ஆயிரம் ரூபாய். அதே பாட்டில் மறுவிற்பனையில் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. அதாவது, 300 டாலருக்கு வாங்க வாய்ப்புக் கிடைப்பதே ஒரு பரிசு. அந்தப் பரிசு யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் தங்களுக்கே எடுத்துக்கொண்டார்கள். தப்பு அங்கேதான்.

லிமிடெட் எடிஷன் போர்பன், ரை விஸ்கி விலை ஏறுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் 'ஆலைக்காரர்களுக்குப் பேராசை' என்று ஒரு தரப்பும், 'டிமாண்ட் இருக்கு, விலை ஏறுது' என்று இன்னொரு தரப்பும் பேசிவிட்டுப் போய்விடுகின்றன. ஆனால் பிரச்னை விலை ஏறுவதில் இல்லை. விலையைப் பாதி ஏற்றி, பாதி மறைத்து வைத்திருப்பதில் இருக்கிறது.

முதலில், போர்பன் என்றால் என்ன?

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு விஸ்கியை போர்பன் என்று அழைக்கச் சில நிபந்தனைகள் உண்டு. அமெரிக்காவில் தயாராகியிருக்க வேண்டும். மூலப்பொருளில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் ஊற வேண்டும். 'ரை' என்ற தானியம் 51 சதவீதம் இருந்தால் அது ரை விஸ்கி. போர்பன் அமெரிக்காவுக்கே உரிய தனித்துவமான பொருள் என்று 1964-ல் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது.

'ஸ்ட்ரெய்ட் போர்பன்' என்று லேபிளில் போட இரண்டு வருடம் பீப்பாயில் இருந்தால் போதும். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பாட்டில்கள் நான்கு முதல் எட்டு வருடச் சரக்கு. ஆனால் இந்தப் பரபரப்பெல்லாம் 10, 15, 20 வருடம் ஊறிய பாட்டில்களைச் சுற்றித்தான். பஃபலோ டிரேஸ் ஆலை ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் வெளியிடும் 'ஆன்டிக் கலெக்‌ஷன்' வரிசையில் போர்பனும் உண்டு, ரையும் உண்டு. 2000-ம் ஆண்டு தொடங்கிய வரிசை அது.

குறைந்துகொண்டே போகும் பீப்பாய்

பழைய சரக்கு விலை அதிகமாக இருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு போர்பன் பீப்பாயின் கொள்ளளவு சுமார் 200 லிட்டர். கென்டக்கி மாநிலத்தில் கோடை கொளுத்தும், குளிர்காலம் உறையும். மரத்தின் வழியாக ஒவ்வொரு வருடமும் 3 முதல் 5 சதவீதம் வரை ஆவியாகிப் போய்விடும். இதை 'தேவதைகளின் பங்கு' என்று அங்கே சொல்வார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வருடத்துக்கு 4 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு வருடம் கழித்து பீப்பாயில் சுமார் 170 லிட்டர் இருக்கும். 23 வருடம் கழித்து 80 லிட்டர்கூட இருக்காது. முதல் கணக்கில் 225 பாட்டில் தேறும். இரண்டாவதில் நூறு பாட்டில்தான். பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் தண்ணீரை இதில் கணக்கில் எடுக்கவில்லை. அதோடு, புது மரத்தில் இவ்வளவு காலம் ஊறினால் பல பீப்பாய்கள் கசந்து போகும். அவற்றை இந்த வரிசையில் சேர்க்க முடியாது.

செலவு அதோடு முடியவில்லை. கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் கென்டக்கியில் வருடா வருடம் சொத்து வரி கட்ட வேண்டும். விற்காத சரக்குக்கும் வரி! 2023-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி இந்த வரி 2026 முதல் படிப்படியாகக் குறைந்து 2043-ல்தான் முழுசாக நீங்கும்.

இன்னொரு விஷயம், நேரத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. 2025-ல் 23 வருட போர்பன் விற்க வேண்டுமானால், 2002-லேயே அதைப் பீப்பாயில் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு இப்படி ஒரு மோகம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. 1970, 80-களிலேயே அமெரிக்க இளைஞர்கள் வோட்கா பக்கம் சாய்ந்துவிட்டார்கள். போர்பன் என்றால் 'தாத்தா குடிக்கிற சரக்கு' என்று ஆனது. ஆலைகள் மூடின. பாப்பி வான் விங்கிளின் ஆரம்பகாலச் சரக்கு தயாரான ஸ்டிட்ஸெல்-வெல்லர் ஆலையில் 1992-ல் உற்பத்தி நின்றது. விற்காமல் தேங்கிய பீப்பாய்கள்தான் பிற்காலத்தில் '20 வருடச் சரக்கு' ஆயின. 1996-ல் ஒரு சுவை ஆய்வு நிறுவனம் அதற்கு 100-க்கு 99 மதிப்பெண் கொடுத்தது. அதிலிருந்து பிடித்தது கிராக்கி.

ஆக, பற்றாக்குறை நிஜம். நீண்ட காலம் காத்திருந்ததற்கு ஒரு விலை இருப்பதும் நியாயம். ஆனால் 300 டாலர் எப்படிப் பல ஆயிரம் ஆகிறது என்பதற்கு இது பதில் இல்லை.

எம்.ஆர்.பி. கிடையாது

நம்ம ஊரில் பாட்டில் மேல் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் வாங்கினால் சட்டப்படி தவறு. டாஸ்மாக்கில் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டாலே சண்டை, வீடியோ, புகார் என்று ஆகிவிடுகிறது அல்லவா? அமெரிக்காவில் அப்படி ஒரு விலை கிடையாது. ஆலை சொல்வது வெறும் 'பரிந்துரை விலை'. கடைக்காரர் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது ஒவ்வொரு மாநிலமும் தனக்கென விதிமுறை வகுத்துக்கொண்டது. பொதுவாக மூன்றடுக்கு முறை. ஆலை மொத்த விற்பனையாளருக்கு விற்கும். அவர் கடைக்கு விற்பார். கடை நமக்கு விற்கும். ஆலை நேராகக் கடைக்கு அனுப்பி 'இந்த விலைக்கு விற்றே ஆக வேண்டும்' என்று கட்டாயப்படுத்த வழியில்லை. கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் 150 டாலர் பாட்டிலுக்குக் கடைக்காரர் ஆயிரம் டாலர் ஸ்டிக்கர் ஒட்டினால் யாரும் தடுக்க முடியாது.

பென்சில்வேனியா, வர்ஜீனியா, ஒஹாயோ, ஓரிகன் உள்ளிட்ட 17 மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே மதுபான வியாபாரம் ஏதோ ஒரு வகையில் அரசின் கையில் இருக்கிறது. சிலவற்றில் டாஸ்மாக் மாதிரி அரசே கடையும் நடத்துகிறது. அங்கெல்லாம் அரிய பாட்டிலும் பெரும்பாலும் பரிந்துரை விலையை ஒட்டியே விற்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைந்த விலை, குறைந்த பாட்டில், நிறைய ஆட்கள் என்று மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது, முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். கவுன்ட்டரில் விலை ஏறாது. ஆனால் கவுன்ட்டரில் டிக்கெட்டும் இருக்காது.

நடுவில் இருக்கும் பணம் யாருக்கு?

பரிந்துரை விலைக்கும் வெளிவிலைக்கும் இடையே இருக்கும் பணம் ஆலைக்குப் போவதில்லை. இருபது வருடம் பீப்பாயைப் பார்த்துக்கொண்ட தொழிலாளிக்கும் போவதில்லை. உள்ளே ஆள் தெரிந்தவருக்குப் போகிறது.

வர்ஜீனியாவில் நடந்ததைப் பாருங்கள். எந்த அரசுக் கடைக்கு எந்த அரிய பாட்டில் வரப்போகிறது என்ற உள்தகவலைத் திருடி, போர்பன் தேடுபவர்களின் ஆன்லைன் குழுக்களில் விற்றதாக ஒரு வழக்கு. அதில் முன்னாள் ஊழியர் ஒருவர் 2022-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விஸ்கியைக்கூட விற்கவில்லை; விஸ்கி வரும் இடத்தின் தகவலை விற்றார்கள்.

அதற்கு முன்பே 2013-ல், கென்டக்கியின் பஃபலோ டிரேஸ் ஆலையிலிருந்து பாப்பி வான் விங்கிள் பாட்டில்கள் 65 பெட்டி காணாமல் போனது தெரியவந்தது. ஏறத்தாழ 200 பாட்டில். வெளியாட்கள் சுவரேறிக் குதித்து வரவில்லை. உள்ளே வேலை பார்த்தவர்களின் உதவியோடு பல வருடமாகச் சரக்கு வெளியே போயிருந்தது என்பது 2015-ல் வழக்குப் பதிவானபோது தெரிந்தது.

தனியாட்கள் உரிமம் இல்லாமல் மது விற்பது அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம். 2019-ல் ஃபேஸ்புக் இத்தகைய மறுவிற்பனைக் குழுக்களை மூடியது. சந்தை நிற்கவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. அதோடு போலியும் வந்தது. 2021-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயார்க் கடை ஒன்றில் சுமார் ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய பாட்டிலை ஆலையின் ஆய்வகத்தில் சோதித்தபோது, உள்ளே இருந்தது வேறு சரக்கு என்று தெரிந்தது.

சட்டப்படி நடக்கும் கடைகளிலும் ஒரு விளையாட்டு உண்டு. 'வருடம் முழுக்க எங்ககிட்டயே வாங்கினா உங்களுக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்கிறோம்.' அதாவது, 150 டாலர் பாட்டிலைப் பரிந்துரை விலைக்கு வாங்க, தேவையில்லாத சரக்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டும். பில்லில் 150 என்று இருக்கும். உண்மையான விலை அது இல்லை.

ஆலைகள் ஏன் முழு விலையையும் ஏற்றுவதில்லை?

ஏற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. 'ஆன்டிக் கலெக்‌ஷன்' பாட்டிலின் பரிந்துரை விலை 2020-ல் 99 டாலர். 2024-ல் 150 டாலர். நான்கு வருடத்தில் ஐம்பது சதவீத ஏற்றம். அதே காலத்தில் அமெரிக்காவில் பொது விலைவாசி உயர்ந்தது சுமார் 21 சதவீதம்தான். ஆனாலும் வெளியே அந்த பாட்டில்கள் போகும் விலைக்கு 150 டாலர் பக்கத்தில்கூட வராது.

முழுசாக ஏற்றாததற்கு வியாபாரக் காரணங்கள் இருக்கின்றன. 'நாங்கள் நியாயமான விலைதான் வைக்கிறோம், கடைக்காரர்கள்தான் ஏற்றுகிறார்கள்' என்று நல்ல பெயர் எடுக்கலாம். கிடைக்காத பாட்டிலைப் பற்றிய பேச்சே பெரிய விளம்பரம். பாப்பி கிடைக்காதவர், அதே கோதுமை கலந்த செய்முறையில் தயாராகும் 'வெல்லர்' வாங்குவார். வெல்லருக்கு 'ஏழைகளின் பாப்பி' என்றே பெயர் வந்து, இப்போது அதுவும் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், அரிய பாட்டில் என்பது மொத்த விற்பனையாளர்களையும் கடைகளையும் தன் பக்கம் வைத்துக்கொள்ள உதவும் இனிப்பு. எல்லா பாட்டிலையும் சந்தை விலைக்கே விற்றுவிட்டால் அந்த இனிப்பு கையில் இருக்காது.

குறைந்த பரிந்துரை விலையை வாடிக்கையாளருக்குக் காட்டும் கருணை என்று பார்க்க வேண்டியதில்லை. அந்த விலைக்கு வாங்குகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு அது வெறும் எண்.

பீப்பாய் மலைபோல் இருக்கிறது, பிறகென்ன தட்டுப்பாடு?

இதில் வேடிக்கையான, ஆனால் வேதனையான பகுதி ஒன்று இருக்கிறது. கென்டக்கியில் 2025-ல் கிடங்குகளில் இருந்த போர்பன் பீப்பாய்கள் 1 கோடியே 61 லட்சம். வரலாற்றிலேயே அதிகம். மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம்தான். தலைக்கு மூன்று பீப்பாய்க்கு மேல்!

அரிய பாட்டில்களுக்குக் கிடைத்த கிராக்கியைப் பார்த்து, 'போர்பனுக்கு எல்லையே இல்லை' என்று நம்பி முதலீடு கொட்டியது. புது ஆலைகள், புதுக் கிடங்குகள் வந்தன. பஃபலோ டிரேஸ் மட்டும் 120 கோடி டாலர் விரிவாக்கத் திட்டத்தில் இறங்கியது. ஆனால் ஏலத்தில் ஒரு பாட்டிலுக்கு அடித்துக்கொள்ளும் ஆயிரம் பேர், தினசரி கடையில் விஸ்கி வாங்கும் லட்சம் பேர் ஆகிவிட மாட்டார்கள். குடிக்கும் பழக்கம் குறைந்தது. வரிச் சண்டையில் 2025 மார்ச்சில் கனடாவின் பல மாகாணங்கள் அமெரிக்க மதுவைக் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டன.

விளைவு? ஜாக் டேனியல்ஸ், ஓல்ட் ஃபாரெஸ்டர் நிறுவனமான பிரவுன்-ஃபார்மன், 2025 ஜனவரியில் சுமார் 12 சதவீத ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. லூயிவில் நகரில் இருந்த அதன் பீப்பாய்த் தொழிற்சாலையையும் மூடியது. ஜிம் பீம், கிளெர்மான்ட்டில் உள்ள முதன்மை ஆலையில் 2026-ல் வடிப்பை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சில புதிய நிறுவனங்கள் திவாலாகின.

இங்கேதான் இது பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்னை என்ற இடத்தைத் தாண்டுகிறது. சில ஆயிரம் பாட்டில்களின் வெளிவிலை, ஒரு தொழில் முழுமைக்கும் தப்பான சிக்னல் கொடுத்தது. அந்த விலையில் லாபம் பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். மரப்பலகை செதுக்கிப் பீப்பாய் செய்தவர்கள் வேலை இழந்தார்கள். எல்லாப் பழியையும் இதன் மேல் போட முடியாதுதான். ஏற்றுமதிச் சிக்கலும் பழக்க மாற்றமும் பெரிய காரணங்கள். ஆனால் அந்த மிதப்பில் இந்த மோகத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

'இது தேவையில்லாத ஆடம்பரம், விலை எவ்வளவு ஏறினால் யாருக்கு என்ன?' என்று கேட்கலாம். அரிசி, பருப்பு இல்லைதான். ஆனால் அரசே விற்பனையாளராக இருக்கும் இடத்தில், பொதுமக்களுக்கான சரக்கு யாருக்குப் போகிறது என்பது நிர்வாக நேர்மை பற்றிய கேள்வி. ஓரிகன் அதைத்தான் காட்டியது.

வழி இரண்டுதான். ஒன்று, விலையை உண்மையான இடத்துக்கு ஏற்றிவிடுவது. 'அப்போ பணக்காரங்களுக்கு மட்டும்தானா?' என்ற கேள்வி வரும். இப்போதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது. வித்தியாசம், கூடுதல் பணம் இடைத்தரகருக்குப் போகாமல் தயாரித்தவருக்கும் வரியாக அரசுக்கும் போகும்.

இரண்டு, விலையைக் குறைவாகவே வைப்பது. ஆனால் வாய்ப்பை முழுக்கப் பொதுவில் வைப்பது. பென்சில்வேனியா, ஒஹாயோ, வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் குலுக்கல் நடத்துகின்றன. பதிவு செய்தால் போதும், அதிர்ஷ்டம் இருந்தால் பரிந்துரை விலைக்கு பாட்டில். வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் பள்ளி ஆசிரியருக்கும் கம்பெனி முதலாளிக்கும் ஒரே வாய்ப்பு. எத்தனை பாட்டில் வந்தது, எத்தனை குலுக்கலுக்குப் போனது, எத்தனை ஒதுக்கிவைக்கப்பட்டது என்ற கணக்கை ஒவ்வொரு முறையும் வெளியிட வேண்டும். ஓரிகனில் அதிகாரிகள் எடுத்தது, சேதமானால் மாற்றிக்கொடுக்க வைத்திருந்த கையிருப்பிலிருந்து. கணக்கு வெளியில் இருந்திருந்தால் அது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

குலுக்கலில் வென்றவரும் மறுநாளே விற்கலாமே என்றால், விற்கலாம்தான். அதற்கு ஒரு பகுதிச் சரக்கை பார்களுக்கு ஒதுக்கி, கிளாஸ் கணக்கில் விற்கச் சொல்லலாம். ஒரு 750 மி.லி. பாட்டிலில் 60 மி.லி. வீதம் பன்னிரண்டு பேர் சுவைக்கலாம். திறந்த பாட்டிலை யாரும் ஏலத்தில் விட முடியாது.

இந்த இரண்டில் எதுவானாலும் சரி. குறைந்த விலையைக் காட்டிவிட்டு, சரக்கைப் பின்வாசல் வழியாகப் பங்குபோடும் இப்போதைய முறைதான் இருப்பதிலேயே மோசம்.

நம்ம ஊர் வாசகர்களுக்கு

2025 பிப்ரவரியில் இந்தியா போர்பன் மீதான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. அதனால் பாப்பி நம்ம ஊர் கடைக்கு வந்துவிடாது. வரி குறைப்பின் பலன் ஜிம் பீம் போன்ற வழக்கமான பாட்டில்களுக்குத்தான்.

ஆன்சைட் போன நண்பரிடம் 'ஒரு பாட்டில் வாங்கிட்டு வா' என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். கடந்த இரண்டு மூன்று வருடமாக மறுவிற்பனை விலைகள் உச்சத்திலிருந்து இறங்கியிருக்கின்றன. 'இன்வெஸ்ட்மென்ட்' என்று சொல்லி யாராவது விற்க வந்தால், யோசிக்க வேண்டிய நேரம் இது. ஆன்லைன் குழுவில் வாங்கும் பாட்டில் அசலா என்று உறுதி செய்யவும் வழி இல்லை. ஆலையின் பரிந்துரை விலை என்ன என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு, கேட்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம் விஸ்கிக்கானது இல்லை, நடுவில் இருப்பவருக்கானது.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)